நாங்களா டிஜிட்டலுக்கு மாறவில்லை?

சனிக்கிழமை பெங்களூரு பீனியா தொழிற்பேட்டைக் கூட்டத்தில் அந்த வங்கி அதிகாரி பேசிய வீடியோவை எனக்கே நாலு பேர் அனுப்பிவிட்டீர்கள். போதும். நானும் அங்கேதான் கடைசி வரிசையில் இருந்தேன். "எல்லாம் ஆப்பிலேயே இருக்கிறது, சிறுதொழில் செய்பவர்கள்தான் டிஜிட்டலுக்கு வர மறுக்கிறார்கள்" என்றார். கைதட்டல் வேறு. நான் தட்டவில்லை. மடியில் இருந்த பையில், அதே மாதிரி ஒரு வங்கிக்குக் கொடுக்க வேண்டிய ஸ்டாக் ஸ்டேட்மென்ட் இருந்தது. மூன்று பிரதி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து, கம்பெனி சீல்.

சிசி லிமிட், அதாவது சரக்கையும் பாக்கியையும் காட்டி வேண்டியபோது எடுத்துக் கட்டும் கேஷ் கிரெடிட் கடன், வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சடங்கு தெரியும். சரக்கு எவ்வளவு, வர வேண்டிய பாக்கி எவ்வளவு என்று மாதாமாதம் எழுதிக் கொடுத்தால்தான் ட்ராயிங் பவர், அதாவது அந்த லிமிட்டில் எவ்வளவு எடுக்கலாம் என்ற கணக்கு, போடுவார்கள். அந்தச் சரக்கு, பாக்கிக் கணக்கு முழுக்க என் டாலி சாஃப்ட்வேரில் இருக்கிறது. வாங்கியது, விற்றது எல்லாம் 2017 ஜூலையிலிருந்து ஜிஎஸ்டியில் இருக்கிறது. வந்த பணமும் போன பணமும் அவர்கள் கணக்கிலேயே இருக்கிறது! இன்னொரு வங்கியில் இருக்கும் கணக்கையும் பார்க்க வேண்டுமா? நான் போனில் சம்மதம் கொடுத்தால் நேராக எடுத்துக்கொள்ள அக்கவுன்ட் அக்ரிகேட்டர் 2021 செப்டம்பரிலேயே ஓட ஆரம்பித்துவிட்டது. இருந்தும் போன மாதம் லிமிட் ரினீவலுக்கு அந்த இன்னொரு வங்கியின் ஸ்டேட்மென்ட்டைப் பன்னிரண்டு மாதத்துக்கும் பிரின்ட் எடுத்து, அட்டெஸ்ட் பண்ணிக் கொண்டுவரச் சொன்னார்கள்.

டிஜிட்டலுக்கு வராதது யார்? கையில் இருப்பதைப் படியுங்கள் என்றுதான் கேட்கிறேன். புது ஆப் கேட்கவில்லை.

இங்கே ஒரு பழைய கதை. அப்பா ராஜகோபால நகரில் ரெண்டு லேத் போட்டிருந்த காலத்தில், வங்கி மேனேஜர் ஒருவர் ஸ்கூட்டரில் வருவார். சொல்லிவிட்டு வர மாட்டார். லெட்ஜரைக்கூட அப்புறம்தான் கேட்பார். முதலில் மோட்டார் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால் ஷெட்டில் வேலை ஓடுகிறது என்று அர்த்தம். அவ்வளவுதான் அவருடைய கிரெடிட் அப்ரைசல். ஒருமுறை அது சில்லென்று இருந்தது. "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டுவிட்டு, அப்பாவோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

இன்றைக்கு யாரும் வர வேண்டாம். அந்தப் புறங்கை செய்த வேலையை என் கரன்ட் பில் செய்யும். எந்த மாதம் எத்தனை யூனிட் ஓடியது என்று பார்த்தாலே என் மெஷின் சூடா சில்லா என்று தெரிந்துவிடும்.

"கடன் வாங்கி ஓடுகிறவர்களால்தான் இத்தனை பேப்பர்" என்று கமென்ட்டில் வருவீர்கள், தெரியும். சிஎன்சி மெஷினைத் தூக்கிக்கொண்டா ஓட முடியும்? சரி, எங்களிலும் கூட்டி எழுதுகிறவர்கள் உண்டு. ஸ்கிராப்பைக்கூடச் சரக்கு என்று கணக்குக் காட்டியவரை எனக்கே தெரியும். அவரை எந்தச் சீல் பிடித்தது? மூன்று பிரதியிலும் அழகாகச் சீல் வைத்திருந்தார் மனிதர்.

கிளையில் ஆள் இல்லை என்கிறீர்களா? அதனால்தானே சொல்கிறேன்.

2025 ஜூலையை மறந்திருக்க மாட்டீர்கள். யூபிஐ வரவைப் பார்த்து இந்த ஊரில் பேக்கரிக்காரர்களுக்கும் காய்கறிக்காரர்களுக்கும் ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது. கடைக்குக் கடை 'நோ யூபிஐ' அட்டை தொங்கியது. வரி கேட்க அந்த வரவுத் தொகை போதும். அதே பேக்கரிக்காரர் ஓவன் வாங்கக் கடன் கேட்டால் மட்டும் அது போதாது, வீட்டுப் பத்திரம் வேண்டும். குறு, சிறு தொழிலுக்கு 10 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லிவிட்டது என்பதை யாரும் அவருக்குச் சொல்ல மாட்டார்கள்.

எனக்குச் சொல்லாதது இன்னொன்று. நான் பார்ட்ஸ் சப்ளை செய்யும் பெரிய கம்பெனி, சட்டம் 45 நாள் என்றால் 90 நாளில் பணம் தரும். அந்த இன்வாய்ஸை ட்ரெட்ஸ் என்ற, பாக்கி பில்லை வைத்து முன்கூட்டியே பணம் வாங்கும் ஆன்லைன் தளத்தில் ஏற்றி, வாங்கியவர் 'ஆமாம், என் பாக்கிதான்' என்று ஒப்புக்கொண்டால், வங்கிகள் போட்டி போட்டு வட்டி சொல்லிப் பணம் தருவார்கள். கம்பெனி பிறகு கட்டாவிட்டாலும் என் கழுத்தைப் பிடிக்க மாட்டார்கள். (வாங்கியவர் ஒப்புக்கொள்ள வேண்டுமே, அது தனி ராமாயணம்.) 2017-லிருந்து இருக்கிற இந்த ஏற்பாட்டைப் பற்றி என் கிளையில் ஒருவரும் வாய் திறந்ததில்லை. இன்ஷூரன்ஸ் பாலிசிக்கு மட்டும் ரினீவலுக்கு ரினீவல் திறப்பார்கள்.

இதையெல்லாம்கூட விடுங்கள். போன மாதம் ஃபைலோடு நின்றபோது கவுன்ட்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "சார் வரலையா மேடம்?" என்றார். எந்த சார்? பதினொரு வருடமாக ப்ரொப்ரைட்டர் நான்தான். என் பெயர், போட்டோ, கையெழுத்து எல்லாம் அவர் முன்னால் இருக்கும் திரையிலேயே இருக்கிறது. ஒரு தடவை தட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. நானும் ஏனோ "வேற வேலையா இருக்காரு" என்று சொல்லிவிட்டேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சரி, நாளைக் காலை பதினொரு மணிக்குள் ஸ்டேட்மென்ட் போய்ச் சேர வேண்டும். ஸ்டாம்ப் பேட் காய்ந்துவிட்டது. இந்த நேரத்துக்கு லக்கெரேயில் எந்த ஸ்டேஷனரி கடை திறந்திருக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.