ஆதார் அட்டை தொலைந்தால் எண் ரத்தாகாது

"ஆதார் அட்டை தொலைந்தால் பழைய எண் ரத்து, மறுபடி பதிவுசெய்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறான தகவல் இது. தொலைவது அட்டை மட்டும்தான், எண் ஆயுளுக்கும் அதேதான்.

பதிவுசெய்த மொபைல் கையில் இருந்தால், ஆதார் வழங்கும் அமைப்பான யுஐடிஏஐ-யின் மைஆதார் தளத்தில் ஓடிபி கொடுத்து இ-ஆதாரை (ஆதாரின் மின்னணு நகல்) அப்போதே இறக்கிக்கொள்ளலாம். பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகள், அப்புறம் பிறந்த ஆண்டு: அதுதான் கோப்பைத் திறக்கும் கடவுச்சொல். அச்சிட்ட அட்டைக்கு உள்ள மதிப்பு இதற்கும் உண்டு. பிளாஸ்டிக் அட்டை வேண்டுமா? அதே தளத்தில் கட்டணம் கட்டினால் 5 வேலை நாட்களுக்குள் அச்சிட்டுத் தபால் துறையிடம் கொடுத்துவிடுவார்கள். ஸ்பீட் போஸ்டில் வரும்.

மொபைல் இணைக்காத முதியவர்கள்தான் அந்த வாட்ஸ்அப் செய்தியைப் படித்துப் பயந்துபோகிறார்கள். ஆதார் மையத்தில் உதவி கிடைக்கும், சந்தேகத்துக்கு 1947-ஐ அழைக்கலாம். தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.