ஓசோன் ஓட்டையும் நான் திறந்துவிட்ட காஸும்

நேற்று திருகோணமலை உவர்மலையில் ஒரு வீட்டுக்கு ஏசி சேவிஸ் செய்யப் போனேன். ஏணியில் நிற்கிறேன். கச்சான் காற்று முகத்தில் அறைகிறது, சேட்டு முதுகோடு ஒட்டிப்போய்க் கிடக்கிறது. வீட்டுக்கார ஐயா கீழே நின்று சொல்கிறார்: "தம்பி, இது ஓசோனில ஓட்டை விழுந்ததால வந்த வெக்கை. முந்தி இப்பிடியே இருந்தது?"

"ஓம் ஐயா" என்றுவிட்டு வேலையைப் பார்த்தேன். ஏணியில் நின்று வாதாட முடியாது. ஆனால் இரவு படுத்தும் நித்திரை வரவில்லை. இருபது வருசமாக இந்தக் கதையைக் கேட்கிறேன். அதில் அரைவாசிக் காலம் நானே அதைச் சொல்லித் திரிந்தவன். அதை நம்பிச் செய்த பிழையும் ஒன்று இருக்கிறது.

முதலில் கச்சானைக் கழித்துவிடுவோம். வைகாசி தொடக்கம் ஆவணி வரை திருமலையில் தகிக்கிற இந்தக் காற்று நம் பாட்டன் பூட்டன் காலத்துச் சாமான். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது அமுங்கிச் சூடாகி, காய்ந்துபோய் வருகிறது. 37, 38 பாகை வெயிலை அது முந்தியும் தந்தது. ஒரு நாள் வெக்கையைக் காட்டி "பார், காலநிலை மாறிப்போச்சு" என்பதும் பிழை, ஒரு நாள் மழையைக் காட்டி "எங்க மாறினது?" என்று கேட்பதும் பிழை. முப்பது, நாற்பது வருசக் கணக்கு வேறு சங்கதி.

அடுத்தது ஓசோன். 1985இல் கண்டுபிடித்த அந்த ஓட்டை இருப்பது தென்துருவத்துக்கு மேலே. திருமலைக்கு மேலே இல்லை. ஓசோன் படை தடுப்பது சூரியனின் கழியூதாக் கதிரை. அது குறைந்தால் தோலுக்கும் கண்ணுக்கும் கேடு. வெக்கைக்கும் அதற்கும் சொந்தம் மிகக் குறைவு. மேலே ஓசோன் குறைவதால் கீழே நிலத்துக்குக் கிடைப்பது, சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு சொட்டுக் குளிர்ச்சிதான்.

ஓசோன் ஓட்டையும் வெக்கையும் ஒன்றாகக் குழம்பியதற்கு எங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு. நான் வேலை பழகின காலத்துப் பழைய பிரிட்ஜுகளில் ஆர்-12 என்கிற சி.எப்.சி. வகைக் குளிரூட்டும் காஸ் இருந்தது. அதில் உள்ள குளோரீன்தான் ஓசோனைத் தின்றது. 1987இல் மொன்றியல் ஒப்பந்தம் வந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினார்கள். பதிலுக்கு ஆர்-134ஏ வந்தது. பச்சை இலை படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டி, 'சி.எப்.சி. அற்றது' என்று எழுதி விற்றார்கள். எழுதியது பொய்யில்லை. அந்தக் காஸில் குளோரீன் இல்லை, ஓசோனுக்குப் பயமில்லை.

நான் விளங்கிக்கொண்டதோ, "இது நல்ல காஸ், திறந்துவிட்டாலும் பாவமில்லை" என்று.

திறந்துவிட்டேன். எத்தனை தடவை என்று கணக்கில்லை. வால்வைத் திருகினால் "உஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். செப்புக் குழாயின் வாயில் வெள்ளையாகப் பனி கட்டும், விரலில் எண்ணெய்ப் பிசுக்குப் படும், இரண்டு நிமிசத்தில் அடங்கிவிடும். புது ஏசி பூட்டும்போது குழாய்க்குள் இருக்கிற காற்றை வெளியேற்ற வக்கூம் பம்ப் போடப் பஞ்சிப்பட்டு, காஸையே கொஞ்சம் விட்டுத் தள்ளுவோம். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.

இந்தக் காஸ்கள் என்ன செய்கின்றன என்று எனக்கு விளங்கவைத்தது ஒரு துவக்கு. சுடுகிற துவக்கு இல்லை. கொரோனாக் காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்துச் சூடு பார்த்தார்களே, அதன் அண்ணன். கொயிலின் சூட்டைத் தொடாமல் பார்க்க வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு நாள் இரவு கரண்ட் போய்விட்டது. கடை வாசலில் நானும் என்னோடு வேலை செய்கிற கிண்ணியாப் பொடியனும் சும்மா இருந்தோம். பொடியன் துவக்கை எடுத்து நிலத்துக்குப் பிடித்தான்: 33 பாகை. பிறகு விளையாட்டுக்கு வானத்துக்குப் பிடித்தான்.

"அண்ணன், இது பழுதாப் போயிற்று. மூணு பாகை காட்டுது."

வாங்கிப் பார்த்தேன். நட்சத்திரம் தெரிகிற இடத்தில் 3. பக்கத்தில் ஒரு மேகத் துண்டு நின்றது, அதற்குப் பிடித்தால் 17. திரும்ப நட்சத்திரத்துக்கு, திரும்பவும் 3. துவக்கில் ஒரு பழுதும் இல்லை.

அது பார்ப்பது கண்ணுக்குத் தெரியாத சூட்டுக் கதிரை. பள்ளிக்கூடத்தில் செந்நிறக்கீழ்க் கதிர் என்று படித்தோமே, அதேதான். பகலில் வெயில் வாங்கின நிலம் இரவு முழுக்க அந்தக் கதிரை மேலே விட்டபடி ஆறுகிறது. வானம் தெளிந்திருந்தால் நிறையக் கதிர் தப்பிப் போய்விடும், அதனால்தான் தை மாதத்துத் தெளிந்த இரவுகளில் கந்தளாய்ப் பக்கம் பனி விழுந்து போர்வை தேடவைக்கிறது. மேகம் மூடினால் அது கதிரை விழுங்கி, ஒரு பங்கைத் திரும்பக் கீழே விடும். புழுங்கும். இந்தப் புழுக்கத்தை அனுபவிக்காத திருமலைக்காரர் இருக்கிறாரா? பச்சைவீட்டு விளைவு என்று பெரிய பெயர் வைத்திருப்பது இந்த வேலைக்குத்தான்.

மேகம் செய்கிற வேலையைக் கண்ணுக்குத் தெரியாத சில வாயுக்களும் செய்கின்றன. காற்றில் 78 வீதம் நைதரசன், 21 வீதம் ஒட்சிசன். இரண்டும் ஒரே மாதிரியான இரண்டு அணுக்கள் சேர்ந்தவை, சூட்டுக் கதிர் அவற்றில் கொளுவாமல் போய்விடும். காபனீரொட்சைட்டில் மூன்று அணு. ஈர்க்கில் மூன்று மணி கோத்த மாதிரி அது வளையும், நெளியும். வளைகிற சாமானில்தான் கதிர் கொளுவும். நீராவி, மெதேன் எல்லாம் இந்தக் கூட்டம். இவை ஒன்றுமே இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை. இருப்பதால் 15. ஆகவே போர்வை நல்லது. கேள்வி அதன் தடிப்பைப் பற்றியது. நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கத் தொடங்க முன்னர் காற்றின் பத்து இலட்சம் பங்கில் காபனீரொட்சைட்டு 280 பங்கு. 1958இல் ஹவாய்த் தீவின் மலையொன்றில் அளக்கத் தொடங்கியபோது 315. இப்போது 420க்கு மேலே. 2024ஆம் ஆண்டு பழைய நிலையைவிட ஏறத்தாழ ஒன்றரைப் பாகை கூடின ஆண்டாகப் போனது.

"சூரியன் கூடுதலாக எரியுது, அதுதான்" என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு சொல். சூரியன் கூடினால் வளிமண்டலத்தின் மேல்படையும் கீழ்ப்படையும் சேர்ந்து சூடாக வேண்டும். அளந்து பார்த்தால் கீழே சூடாகிறது, மேலே ஆறுகிறது. போர்வைக்குள் படுத்தவன் வேர்க்க, போர்வைக்கு வெளியே குளிர்கிற கணக்கு. பகலைவிட இரவின் வெப்பம் வேகமாக ஏறிவந்திருப்பதும் அதே பக்கம்தான் கை காட்டுகிறது.

இனி என் பிழைக்கு வருகிறேன். அந்தத் துவக்கு பார்ப்பது 8இலிருந்து 14 மைக்கிரோமீற்றர் வரையான கதிரை. அந்த இடைவெளியில் காபனீரொட்சைட்டும் நீராவியும் பெரிதாக மறைப்பதில்லை. பூமிக்கு அது திறந்துகிடக்கிற யன்னல். வானம் 3 பாகை காட்டியதே அந்த யன்னலால்தான். ஆர்-134ஏ, ஏசிகளில் இருக்கிற ஆர்-410ஏ போன்ற காஸ்களில் உள்ள புளோரீன் பிணைப்பு கதிரை விழுங்குவதும் சரியாக அந்த யன்னலுக்குள்ளேயே. நல்ல காஸ் என்று நம்பி, நான் இத்தனை வருசம் யன்னலுக்குச் சீலை கட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நூறு வருசக் கணக்கில் ஒரு கிலோ ஆர்-410ஏ, ஏறக்குறைய 2,000 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். சாதாரண 12,000 பி.டி.யூ. ஏசிக்குள் கிட்டத்தட்ட ஒரு கிலோ இருக்கும். ஒரு லீற்றர் பெற்றோல் எரித்தால் 2.3 கிலோ காபனீரொட்சைட்டு. ஸ்கூட்டி லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடும் என்று வைத்தால், நான் இரண்டு நிமிசம் "உஸ்" என்று விட்டது, திருமலையிலிருந்து கொழும்புக்கு அறுபது தடவைக்கு மேல் ஸ்கூட்டியில் போய்வந்ததற்குச் சமம்.

உலகக் கணக்கில் இந்தக் காஸ்களின் பங்கு சின்னது என்பதையும் சொல்லவேண்டும். பெரிய குற்றவாளி காபனீரொட்சைட்டுத்தான். ஏசிக்கு வருகிற கரண்டில் ஒரு பங்கு நுரைச்சோலையில் நிலக்கரி எரித்து வருவது. நம்முடைய சம்பூரிலும் நிலக்கரி நிலையம் வரவிருந்தது, 2016இல் கைவிட்டார்கள். இப்போது அங்கே சூரிய மின்சாரம் என்கிறார்கள். நல்லது. ஆனால் நிலக்கரி நிலையத்தை மூட என் கையில் திறப்பு இல்லை. வால்வுத் திறப்பு இருக்கிறது. 2016இல் ருவாண்டாவின் கிகாலியில் இந்தக் காஸ்களையும் குறைக்க நாடுகள் உடன்பட்டன, இலங்கையும் சேர்ந்தது. அது ஏணியில் நிற்கிறவனிடம் வந்து சேரக் காலம் எடுக்கிறது.

போன மாதம் நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் ஆறு ஏசி கழற்ற வேண்டும் என்றார்கள். காஸைச் சிலிண்டருக்குள் திருப்பி எடுக்கிற மெசின் கொண்டுவருகிறேன், அரை நாள் கூடப் பிடிக்கும் என்றேன். மனேஜர் சிரித்தார். "விட்டுத் தள்ளுங்க அண்ணே, ஓசோனுக்கு ஒண்டும் செய்யாதாமே." வேலை வேறு ஒருவருக்குப் போனது. மத்தியானத்துக்குள் முடித்துவிட்டாராம்.

ஓடுகிற நிலையில் இருக்கிற ஏசி என்றால் மெசின்கூடத் தேவையில்லை. 'பம்ப் டவுன்' செய்தால் காஸ் முழுக்க வெளி யூனிற்றுக்குள் போய் அடையும். பத்து நிமிச வேலை. வீடு மாறுகிறவர்கள் கழற்ற வருகிற ஆளிடம் இந்த ஒரு சொல்லைக் கேட்டுப் பாருங்கள். என்னிடமும் கேளுங்கள், கோபிக்கமாட்டேன்.

சனிக்கிழமை உவர்மலை ஐயா வீட்டுக்குக் கப்பாசிற்றர் மாற்றத் திரும்பப் போகவேண்டும். பொழுதுபட்டால் முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிற மனுசன். இந்த முறை துவக்கையும் கொண்டுபோகிறேன்.