கீழே ஒரு சொட்டும் விழாத கசிவு

பழைய பேக்ஹோ (மண் தோண்டும் வண்டி) வைத்திருக்கும் யாராவது "ரிவர்ஸ் இழுக்கலை, கிளட்ச் பிளேட் போயிடுச்சாம், கியர்பாக்ஸ் இறக்கப் போறோம்" என்று சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, "கியர்பாக்ஸ் ஆயில் பிரஷர் எவ்வளவு வந்தது?" பெரும்பாலும் பதில் வராது. பிரஷர் அளக்கும் கேஜே மாட்டியிருக்க மாட்டார்கள். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். கோபப்பட எனக்கு உரிமையும் இருக்கிறது. நானே கேஜ் போடாமல் ஒரே கியர்பாக்ஸை இரண்டு தடவை இறக்கியவன்.

எந்தப் பேக்ஹோவைப் பார்த்தாலும் ஜேசிபி என்று கூப்பிட்டுப் பழகிவிட்டோம். என்னுடையது அந்தக் கம்பெனி வண்டி இல்லை. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமும் இல்லை. இன்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்டரும், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி கிளட்ச் பேக்கும் (பிளேட் அடுக்கு) உள்ள ஷட்டில் கியர்பாக்ஸ் என்றால் கதை ஒன்றுதான்.

காலையில் வண்டி நன்றாக ஓடும். இரண்டு மணி நேரம் வேலை பார்த்தபின் ரிவர்ஸ் போட்டால் ஒரு யோசனை யோசித்துவிட்டுத்தான் நகரும். லோடர் பக்கெட் நிறைய மண்ணோடு மேட்டில் பின்னால் ஏற வேண்டும் என்றால் இன்ஜின் மட்டும் கத்தும், சக்கரம் சுற்றாது. டிப் ஸ்டிக்கில் ஆயில் சரியாக இருந்தது. வண்டிக்கு அடியில் ஈரம்கூட இல்லை. பார்த்தவர் எல்லோரும் ஒரே குரலில் "பிளேட்" என்றார்கள். இறக்கினோம். பிளேட் கருகித்தான் இருந்தது. மாற்றினோம், வண்டி ஓடியது, எல்லோருக்கும் சந்தோஷம். நான்கு மாதத்தில் அதே யோசனை, அதே கத்தல்.

கருகிய பிளேட்டைக் கையில் எடுத்துக் காட்டும்போது அதுதான் குற்றவாளி என்று நம்பிவிடுகிறோம். அது அடிபட்டவன். அடித்தவன் வேறு எங்கோ உள்ளே உட்கார்ந்திருக்கிறான்.

கியர்பாக்ஸின் அடியிலிருந்து ஸ்ட்ரெய்னர் என்ற சல்லடை வழியாக ஆயிலை இழுப்பது சார்ஜ் பம்ப். பெரும்பாலான வண்டிகளில் அதைச் சுற்றுவது கன்வெர்டரின் கழுத்து, அதாவது இன்ஜின் வேகத்துக்கு ஏற்பத்தான் ஆயில் வரும். ஃபில்டர் தாண்டி வரும் ஆயிலை ஒரு ரெகுலேட்டர் வால்வு குறிப்பிட்ட அழுத்தத்தில் பிடித்து வைக்கிறது. மிச்சம் கன்வெர்டருக்குப் போய், அங்கிருந்து கூலருக்குப் போய், திரும்பி வந்து பேரிங்கையும் பிளேட்டையும் நனைத்துவிட்டு மறுபடி அடியில் விழுகிறது. ரிவர்ஸ் போட்டால் பிடித்து வைத்த ஆயிலில் ஒரு பங்கு, வால்வு வழியாக, நிலையாக நிற்கும் ஒரு பாகத்திலிருந்து சுற்றுகிற ஷாஃப்டின் துளைக்குள் தாவ வேண்டும். தாவி, கிளட்ச் டிரம்முக்குள் போய், பிஸ்டனைத் தள்ளி, பிளேட்டுகளை அழுத்த வேண்டும்.

அந்தத் தாவும் இடத்தில் இருப்பது சில மெல்லிய சீலிங் ரிங்குகள், டெஃப்லானோ வார்ப்பிரும்போ. பிஸ்டனின் உள்வட்டத்திலும் வெளிவட்டத்திலும் சீல்கள். வால்வு பிளாக்குக்கு அடியில் ஒரு கேஸ்கெட், கரண்டில் வால்வைத் திறந்து மூடும் சோலனாய்டுகளில் ரப்பர் ஓ-ரிங். இதில் எது கசிந்தாலும் ஆயில் போய்ச் சேருவது அதே கியர்பாக்ஸின் அடியில்தான். அதனால் டிப் ஸ்டிக் இறங்காது, தரை நனையாது. வீட்டுக்குள்ளேயே நடக்கும் திருட்டு மாதிரி.

சரி, காலையில் ஏன் நன்றாக ஓடுகிறது? ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கிறது, இடுக்கில் வேகமாக ஓடாது. சூடானால் நீர்த்துப் போகிறது, அதே இடுக்கில் பாய்கிறது. இன்னொரு கணக்கும் இருக்கிறது. தெரிந்த நாளில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு மெல்லிய இடைவெளி வழியாகக் கசியும் எண்ணெயின் அளவு அந்த இடைவெளியின் மூன்றாம் அடுக்குக்கு (கியூப்) ஏற்ப ஏறும். இடுக்கு இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. "கொஞ்சம்தான் தேய்ஞ்சிருக்கு, பரவாயில்லை" என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் எனக்கு அந்த எட்டுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

அழுத்தம் குறைந்தால் பிளேட்டுகள் முழுசாக இறுகாது. பாரம் ஏறும்போது வழுக்கும். வழுக்கினால் சூடு, சூட்டில் பிளேட்டின் மேல்பூச்சு கருகும், பக்கத்தில் இருக்கும் பிஸ்டன் சீல் விறைத்துப்போய் இன்னும் கசியும். புது பிளேட் போட்டபோது என் வண்டி நான்கு மாதம் ஓடியது சரியானதால் இல்லை. கருகுவதற்குப் புது பிளேட் கிடைத்தது, அவ்வளவுதான்.

இரண்டாம் தடவை இறக்கியபோதும் நான் கேஜ் போடவில்லை, வெட்கத்தோடு சொல்கிறேன். பிளேட்டோடு பிஸ்டன் சீலையும் மாற்றினோம், கொஞ்ச நாளில் பழைய கதைக்கே வந்தது. அப்புறம்தான் ஒரு பெரியவர் வந்து பார்த்தார். வண்டியைத் தொடக்கூட இல்லை. "சூட்டுல, ஐடில்ல, ரிவர்ஸ்ல எவ்வளவு காட்டுது?" என்றார். நான் முழித்தேன்.

அந்தக் கேள்வியில் உள்ள மூன்று வார்த்தையும் முக்கியம். சூட்டில், ஏனென்றால் குளிர்ந்த ஆயில் பொய் சொல்லும். மேனுவல் சொல்லும் சூட்டுக்கு ஆயில் வந்த பிறகுதான் அளவு எடுக்க வேண்டும். ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டர் கொடுக்காத குறைந்த வேகத்தில், ஏனென்றால் 2000 ஆர்பிஎம்மில் பம்ப் கொட்டுகிற ஆயில் சின்னக் கசிவை மூடி மறைத்துவிடும், வேகம் குறைந்தால்தான் குட்டு வெளிப்படும். ரிவர்ஸில், ஏனென்றால் ஒவ்வொரு கிளட்ச்சுக்கும் போகும் பாதை தனி.

கேஜ் விஷயத்தில் ஒரு தவறு நடப்பதைப் பார்த்திருக்கிறேன். பூம், பக்கெட்டுக்கு வைக்கிற 5000 பிஎஸ்ஐ கேஜையே இங்கேயும் மாட்டுவார்கள். ஹைட்ராலிக் ஓடுவது 2500, 3000 என்ற கணக்கில். கியர்பாக்ஸ் ஓடுவது சுமார் 200 பிஎஸ்ஐயில், பார் கணக்கில் கிட்டத்தட்ட 14. அந்தப் பெரிய கேஜில் 60 பிஎஸ்ஐ குறைந்தால் முள் அசைந்ததா என்றே தெரியாது. 400 பிஎஸ்ஐ கேஜ் போதும்.

சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கியர் லீவரை நியூட்ரலில் வைத்து, ஷட்டில் லீவரை மட்டும் மாற்றினோம். பல வண்டிகளில் ஹேண்ட் பிரேக் போட்டிருந்தால் ஷட்டிலுக்குக் கரண்டே போகாது, அதனால்தான் கட்டை. மேனுவலில் 180 முதல் 200 என்று இருந்தது. நியூட்ரலில் 190. ஃபார்வர்டில் 185. ரிவர்ஸில் 120.

பத்து நிமிட வேலை. அதற்கு நான் இரண்டு கியர்பாக்ஸ் இறக்கம் செலவு செய்திருந்தேன்.

மூன்று எண்ணும் சேர்ந்துதான் பேசும். மூன்றுமே குறைவாக இருந்தால் கிளட்ச் பக்கம் போகவே வேண்டாம். பம்ப் தேய்ந்திருக்கும், ரெகுலேட்டர் வால்வு சிக்கியிருக்கும், ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கும். முள் நிற்காமல் நடுங்கினால், ஆயிலில் நுரை இருந்தால், உறிஞ்சும் பக்கத்து ஓ-ரிங்கைப் பாருங்கள். அதுவும் வெளியே தெரியாத கசிவுதான், ஆயில் வெளியே போவதற்குப் பதில் காற்று உள்ளே வருகிறது. நியூட்ரலில் சரி, ஒரு பக்கம் மட்டும் விழுகிறது என்றால் அந்தப் பக்கத்துப் பாதையில்தான் ஓட்டை. அப்போதும் உடனே இறக்காதீர்கள். இரண்டு சோலனாய்டும் ஒரே மாதிரி என்றால் மாற்றி மாட்டிப் பாருங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் வேலை வெளியிலேயே முடிந்தது. மாறாவிட்டால் வால்வு பிளாக்கைக் கழற்றி, அந்த கிளட்ச்சின் துளையில் காற்று கொடுத்துப் பார்க்கலாம். நல்ல கிளட்ச் "டொக்" என்று பிடிக்கும், கெட்டது "உஸ்ஸ்" என்று தொடர்ந்து மூச்சு விடும். ரிங் வழியாகக் கொஞ்சம் காற்று போவது இயல்புதான், அதனால் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ஆனால் பிரஷரும் முழு உண்மையைச் சொல்லாது. நான் தாமதமாகப் புரிந்துகொண்டது இது. பம்ப் தேவைக்கு மேலே தருகிறது, அந்த மிச்சம்தான் கன்வெர்டருக்கும் கூலருக்கும் போகிறது என்று மேலே சொன்னேன். கசிவு தொடங்கினால் முதலில் குறைவது அந்த மிச்சம். மிச்சம் தீர்ந்த பிறகுதான் அழுத்தம் விழும். கேஜில் 190 காட்டிக்கொண்டிருக்கும்போதே கூலருக்குப் போகும் ஆயில் பாதியாகியிருக்கலாம். வண்டி வழுக்காது, ஆனால் கியர்பாக்ஸ் வழக்கத்தைவிடச் சூடாகும். அதனால் கூலரிலிருந்து திரும்பும் குழாயில் ஃப்ளோ மீட்டர் வைத்து, ஒரே ஆர்பிஎம்மில் நியூட்ரல், ஃபார்வர்டு, ரிவர்ஸ் மூன்றிலும் அளப்பதுதான் சரியான சோதனை. கிளட்ச் நிரம்பியதும் ஆயில் ஓட்டம் ஏறக்குறைய நியூட்ரல் அளவுக்குத் திரும்ப வேண்டும். திரும்பாமல் குறைந்தே நின்றால் அந்த வித்தியாசம்தான் கசிவு. மீட்டர் இல்லை என்று குழாயை வாளியில் விட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். கொதிக்கிற ஆயிலோடு அந்த விளையாட்டு வேண்டாம்.

கெட்டி ஆயில் ஊற்றச் சொல்பவர்களோடு எனக்குத் தீராத சண்டை. கெட்டி ஆயில் கசிவைக் குறைத்துக் காட்டும், உண்மைதான். கூடவே காலையில் பம்ப் அதை இழுக்கத் திணறும், கிளட்ச் நிரம்பத் தாமதமாகும். விற்கப்போகிற வண்டிக்குச் செய்கிற வேலை அது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் காலையில் போய்ப் பார்க்காதீர்கள் என்பதும் இதனால்தான். மண்ணில் இரண்டு மணி நேரம் ஓட்டச் சொல்லிவிட்டுப் பாருங்கள்.

டிப் ஸ்டிக்கில் ஆயில் ஏறினாலும் கவலைப்பட வேண்டும். ஹைட்ராலிக் பம்ப் கியர்பாக்ஸோடு சேர்த்துப் பூட்டியிருக்கும் வண்டிகளில், பம்ப் ஷாஃப்ட் சீல் போனால் ஹைட்ராலிக் ஆயில் கியர்பாக்ஸுக்குள் வரும். டேங்க் குறையும், எங்கேயும் ஒழுகாது. ரேடியேட்டருக்குள்ளேயே ஆயில் கூலர் இருக்கும் பழைய வண்டியில் கியர் ஆயில் பால் கலந்த டீ நிறத்துக்கு வந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் பிளேட்டின் மேல்பூச்சைப் பிடித்திருக்கும் பசையையே இளக்கிவிடும்.

காதால் கேட்டே சொல்லும் மெக்கானிக்குகளை நான் குறைத்துப் பேசவில்லை. பேரிங் சத்தத்தில் அவர்கள் காதுக்கு முன்னால் எந்தக் கருவியும் நிற்காது. ஆனால் 190க்கும் 120க்கும் சத்தம் ஒன்றுதான்.

மூன்றாம் தடவை திறந்தபோது எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தே திறந்தோம். ரிவர்ஸ் பாதையின் சீலிங் ரிங் ஓடும் உள்சுவரில் மெல்லிய பள்ளம். கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை, நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. அந்தச் சுவரில் எத்தனை புது ரிங் போட்டாலும் கசியத்தான் செய்யும். அந்தப் பாகத்தையே மாற்றி, ரிங், சீல், பிளேட் எல்லாம் புதிதாகப் போட்டு மூடினோம். மூடியவுடன் சூட்டில், ஐடிலில் எடுத்த அளவு ஃபார்வர்டு 188, ரிவர்ஸ் 186.

அதற்குப் பிறகு கேபினில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவை ஆயில் மாற்றும்போதும் அளந்து எழுதுவது வழக்கம். ஆபரேட்டர் தம்பிக்கு ஆரம்பத்தில் சிரிப்பாக இருந்தது, இப்போது அவனே கேஜை எடுத்து வந்து நிற்கிறான். போன வாரம் எழுதியது ஃபார்வர்டு 184, ரிவர்ஸ் 183. ஃபார்வர்டுதான் கொஞ்சம் அதிகமாக இறங்கியிருக்கிறது. அடுத்த தடவை ஃப்ளோ மீட்டரும் வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.