வாடகைக்காரன் உட்கார வேண்டுமாம்

மும்பையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கூட்டத்தில் என்னை உட்காரச் சொன்ன அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு ஆளாளுக்கு அறிவுரை சொல்கிறீர்கள். இன்பாக்ஸில் ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் போட எனக்குப் பொறுமை இல்லை. இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் வரும், அவசரக்காரர்கள் தாண்டிப் போய்விடுங்கள்.

மைக்கைப் பிடித்திருந்தவர் எங்கள் சொசைட்டியின், அதாவது வீட்டுச் சொந்தக்காரர்கள் சங்கத்தின், செயலாளர். எழுந்து நின்ற வழுக்கைத் தலை அடியேன். நான் கேட்டது இதுதான்: நான்கு லிஃப்டில் இரண்டு படுத்துவிட்டன, எப்போது சரியாகும்? அதற்கு "டெனன்ட்ஸ் ப்ளீஸ் சிட் டவுன், ஓனர்ஸ் மட்டும் பேசட்டும்" என்றார். பின்வரிசையில் சிரிப்பு வேறு.

நான் இருப்பது 31-ஆவது மாடி. வீட்டுக்காரர் துபாயில். லிஃப்ட் நின்றால் மூச்சு வாங்க ஏறுகிறவன் நான். லிஃப்டைப் பற்றிப் பேசும் உரிமை மட்டும் அவருக்கு. அவர் இந்தக் கட்டடத்தின் லிஃப்டில் கடைசியாக எப்போது ஏறினார் என்று அவருக்கே ஞாபகம் இருக்காது.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். ஒரு இடத்தில் குடியிருக்கிறவனுக்கு அந்த இடத்தைப் பற்றிப் பேச உரிமை உண்டு. பத்திரம் யார் பெயரில் இருந்தால் என்ன?

"சொத்து அவங்களோடது சார்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இருக்கட்டுமே. சிங்கிங் ஃபண்டை (கட்டடத்தின் பெரிய பழுதுகளுக்கான சேமிப்பை) எந்த வங்கியில் போடுவது, கட்டடத்துக்கு என்ன பெயிண்ட் அடிப்பது, யார் சேர்மன் ஆவது, இதிலெல்லாம் எனக்கு ஓட்டு வேண்டாம், சத்தியமாக வேண்டாம். லிஃப்ட், தண்ணீர், குப்பை. இதைக் கேட்கக்கூடவா பட்டா காட்ட வேண்டும்?

காசைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கும் ஒரு விஷயம். மும்பையில் வீட்டை வாடகைக்கு விட்டால் சொசைட்டி வீட்டுக்காரரிடம் நான்-ஆக்குபன்சி சார்ஜ் என்று தனியாக ஒன்று வசூலிக்கலாம். ஒரு காலத்தில் இஷ்டத்துக்குக் கறந்துகொண்டிருந்தார்கள். சர்வீஸ் சார்ஜில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று மகாராஷ்டிர அரசு 2001-இல் உத்தரவு போட்ட பிறகுதான் கொஞ்சம் அடங்கியது. என் ஒப்பந்தத்தில் அதுவும் என் தலையில்தான். மெயின்டெனன்ஸும் என் தலையில்தான். ஆக, அந்த லிஃப்டுக்குச் சொந்தக்காரர்களைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறவன் நான். உட்கார வேண்டியவனும் நான்.

வாடகைக்காரர்கள் வீட்டைப் பாழாக்குவார்கள் என்று இன்னொருவர். ஐயா, என் டெபாசிட் தொகையைக் கேட்டால் நீங்களே சுவரைத் தொடப் பயப்படுவீர்கள். அடுத்து.

"இவ்வளவு ஆடம்பரமான இடத்தில் இருந்துகொண்டு என்ன புலம்பல், பிடிக்காவிட்டால் காலி பண்ணிக்கொண்டு போக வேண்டியதுதானே." இதற்குத்தான் லைக் அதிகம், கவனித்தேன். போகலாம். லாக்-இன், அதாவது கட்டாயம் தங்க வேண்டிய காலம், முடியும் முன் போனால் மிச்ச மாத வாடகையைக் கட்டிவிட்டுப் போக வேண்டும். சரி, முடிந்த பிறகு நாலு நாள் கூடத் தங்கிவிட்டால்? லீவ் அண்ட் லைசென்ஸ் என்கிற இந்த ஊர் வாடகை ஒப்பந்தத்தின் கெடு தாண்டினால் இரட்டிப்பு வாடகை. 1999 மகாராஷ்டிர வாடகைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, வேண்டுமானால் படித்துப் பாருங்கள். சீக்கிரம் போனாலும் தண்டம், தாமதமாகப் போனாலும் தண்டம். அப்படியே போனாலும், போகிற இடத்திலும் ஒரு செயலாளர் மைக்கோடு உட்கார்ந்திருப்பார். அப்புறம், ஆடம்பரம் என்கிறீர்களே, என் அலுவலகம் பக்கத்துத் தெருவில். லோக்கல் ரயிலில் நசுங்காமல் வீட்டுக்கு வந்து மகளோடு சாப்பிடலாமே என்றுதான் சம்பளத்தில் பாதியைக் கொடுக்கிறேன். நீச்சல் குளத்துக்காக இல்லை.

நீச்சல் குளம் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் குளத்தில் இறங்க மணிக்கட்டில் பட்டை கட்ட வேண்டும். சொந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நீலம், வாடகை வீட்டுப் பிள்ளைகளுக்கு மஞ்சள். ஞாயிற்றுக்கிழமை மஞ்சளுக்கு அனுமதி இல்லை. என் மகள் அந்தப் பட்டையைக் கழற்றிப் பென்சில் டப்பாவில் ஒளித்துவைத்திருக்கிறாள், பள்ளிக்கூடத்துச் சிநேகிதி பார்த்துவிடக் கூடாதாம். எட்டு வயது. இதைச் சின்ன விஷயம் என்று யாராவது கமெண்டில் எழுதினால் பிளாக் செய்துவிடுவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

இனி, எனக்கு உண்மையிலேயே உறைத்த ஒரு கமெண்ட். "சால்களை (மில் தொழிலாளர்களின் ஒற்றை அறைக் குடியிருப்புகளை) இடித்து ஏழைகளை விரட்டிய இடத்தில் சொகுசாக உட்கார்ந்துகொண்டு உரிமை பேசுகிறீர்களா?"

நண்பரே, நான் குடியிருக்கும் கோபுரம் பழைய பஞ்சாலை மில் நிலத்தில் நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். எங்கள் லோயர் பரேலில் எந்தக் கோபுரத்தைச் சுரண்டினாலும் கீழே ஒரு மில் இருக்கும். 1982 ஜனவரியில் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் பின்னால் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அந்த வேலைநிறுத்தத்தை முறைப்படி யாரும் முடித்துவைக்கவே இல்லை. 1991 நகர வளர்ச்சி விதிப்படி, மூடிய மில் நிலத்தில் புதிதாகக் கட்டுவதென்றால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்கு, ஒரு பங்கு அரசு வீட்டுவசதிக்கு, மீதிதான் முதலாளிக்கு. 2001-இல் அதைத் திருத்தினார்கள். ஏற்கெனவே காலியாகக் கிடந்த நிலத்தை மட்டும் பங்கு போட்டால் போதும் என்று. மில்லில் காலியாக என்ன பெரிதாகக் கிடக்கும்? கட்டடங்கள் நின்ற இடம் முழுக்கப் பங்குக் கணக்கிலிருந்து கழன்றுகொண்டது. 2006-இல் உச்ச நீதிமன்றமும் சரி என்றுவிட்டது. இதில் நான் எங்கே வந்தேன்? நிலத்தை வாங்கினேனா, விதியைத் திருத்தினேனா? பிளாட்டை வாங்கி நாலு வருடம் பூட்டிவைத்து விலை ஏறட்டும் என்று காத்திருப்பவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டீர்களா? வாடகை கொடுக்கிறவன்தான் கைக்கு எட்டுகிறான், இல்லையா?

அந்த மில்காரர்களும் வாடகைக்காரர்கள்தான், இதை யாரும் சொல்ல மாட்டீர்கள். சாலில் ஒரு அறைக்குப் பத்துப் பேர். பகல் ஷிஃப்டுக்குப் போனவனின் பாயில் ராத்திரி ஷிஃப்டுக்காரன் படுப்பான். சொந்தமாக ஒரு செங்கல் கிடையாது. ஆனால் அந்தப் பேட்டையின் கணபதி மண்டலத்தை (விழாக் குழுவை) நடத்தியவர்கள் அவர்கள், சங்கத்தை நடத்தியவர்கள் அவர்கள், மாநகராட்சி கவுன்சிலரை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டவர்கள் அவர்கள். "டெனன்ட்ஸ் உட்காருங்கள்" என்று அந்த முற்றத்தில் யாராவது சொல்லியிருக்க முடியுமா?

எங்கள் வீட்டுக்குச் சமைக்க வரும் மௌசியின் அப்பா நெசவுப் பிரிவில் இருந்தவர். மௌசி இந்தக் கட்டடத்தில் மெயின் லிஃப்டில் ஏறக்கூடாது. சர்வீஸ் லிஃப்ட் பக்கத்தில் ஒரு லேமினேட் செய்த தாள் ஒட்டியிருக்கிறது: வீட்டு வேலையாட்கள், டெலிவரி, மரச்சாமான்கள். அதற்குக் கீழே யாரோ மார்க்கர் பேனாவால் 'நாய்கள்' என்று சேர்த்திருக்கிறார்கள். இப்போது படுத்திருக்கும் இரண்டில் ஒன்று அந்த சர்வீஸ் லிஃப்ட். வாட்ச்மேன் மெயின் லிஃப்டில் விடவில்லை. மௌசி படியேறி வந்தார். அன்றைக்குச் சாயங்காலம்தான் நான் கூட்டத்துக்குப் போனது. வீடியோவை வெட்டிப் போட்டவர்கள் இதைச் சொன்னார்களா?

இந்த வட்டாரத்தில் பெரிய ஆபத்து வந்து நிற்காமல் எதுவும் சரியாவதில்லை. 2017 செப்டம்பரில் எல்ஃபின்ஸ்டன் ரோடு ரயில் நிலையத்தின் குறுகலான நடைபாலத்தில் 23 பேர் மிதிபட்டுச் செத்தார்கள். மில்கள் போய் ஆபீஸ்கள் வந்து கூட்டம் பல மடங்கானது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துதான் இருந்தது, பாலம் மட்டும் பழையது. பிறகு ராணுவத்தைக் கூப்பிட்டுச் சில மாதத்தில் புதுப்பாலம் கட்டினார்கள். லிஃப்டையும் இதையும் ஒப்பிடுகிறேனா என்று கேட்காதீர்கள். ஒப்பிடவில்லை. கோபத்தில் வந்துவிட்டது, இருக்கட்டும்.

எங்கள் அப்பா கடைசி வரை வாடகை வீட்டில்தான் இருந்தார். ஊரில் நாங்கள் இருந்த தெருவுக்குக் குடிநீர் வராதபோது நகராட்சிக்கு மனு எழுதியவர் அவர். முதல் கையெழுத்து அவருடையது, அதற்குக் கீழே சொந்த வீட்டுக்காரர்கள் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். 'மாடி வீட்டு சார் எழுதினா சரியா இருக்கும்' என்று. சொந்தக்காரர் அந்த வீட்டை விற்றுவிட்டதால் வேறு வாடகை வீட்டுக்கு மாறினோம். அந்தப் புது வீட்டுக்காரர்தான், ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள், அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவருகிறோம் என்று நான் சொன்னபோது, வாசலில் நின்று, "தம்பி, வாடகை வீட்ல சாவு விழுந்தா அப்புறம் எவனும் குடி வரமாட்டான்" என்றார். அப்பாவைச் சித்தப்பா வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுபோனோம். இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். "இவ்வளவு ஏன் சார் உணர்ச்சிவசப்படுறீங்க" என்று நூறு பேர் கேட்டதால் எழுதுகிறேன்.

அந்த வீடியோவுக்கு முதலில் சிரிப்பு ரியாக்‌ஷன் போட்டவர் என் கல்லூரி நண்பர். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். தாணேயில் இரண்டு பிளாட் வாடகைக்கு விட்டிருக்கிறார். போன மாதம் அவர் குடித்தனக்காரர் பாத்ரூம் ஒழுகுகிறது என்று போன் செய்தபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். போனை வைத்துவிட்டு என்னிடம் என்ன சொன்னாய் என்று நீயே கமெண்டில் எழுது நண்பா. இன்பாக்ஸுக்கு வராதே.