கரண்ட் இருக்கா?

"ஊரே இருட்டுல கிடக்கு, உனக்கு டேட்டிங் கேக்குதா?"

பெரில் புயல் அடித்த நான்காம் நாள் சென்னையிலிருந்து கூப்பிட்ட நண்பன் கேட்டது இது. சிரித்துக்கொண்டேதான் கேட்டான். பத்து வருடப் பழக்கம். நான் கே, ஆண்களை நேசிக்கிற ஆண், என்பது அவனுக்குத் தெரியும், அதில் அவனுக்கு ஒரு சங்கடமும் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வி தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுவிட்டது. போனில் ஏழு சதவீதம்தான் சார்ஜ் இருந்தது, பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். இப்போது சார்ஜ் இருக்கிறது.

2024 ஜூலை 8, திங்கள் விடியற்காலை. பெரில் டெக்சாஸின் மட்டகோர்டா பக்கம் கரையேறி ஹூஸ்டனுக்கு வந்தது. முதல் வகைப் புயல்தான். ஒரு வாரம் முன்பு கரீபியன் கடலில் ஐந்தாம் வகையாக அது ஆடிய ஆட்டத்துக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் ஹூஸ்டனிலும் சுற்றுப்புறத்திலும் 22 லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் போயின. ஜூலை மாத டெக்சாஸ் வெயில், ஏசி இல்லை. எந்தப் பகுதியில் கரண்ட் இருக்கிறது என்று காட்ட வேண்டிய மின் நிறுவனத்தின் வரைபடம் மே மாதக் காற்றிலேயே படுத்துவிட்டது, எழவே இல்லை. ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வாட்டபர்கர் என்ற பர்கர் கடையின் செயலியைத் திறந்து, எந்தக் கிளை திறந்திருக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கம் கரண்ட் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள்.

நான் இன்னொரு செயலியையும் திறந்தேன். கிரைண்டர். மாவு அரைக்கிற கிரைண்டர் இல்லை, ஆண்கள் ஆண்களைத் தேடுகிற கிரைண்டர். கரண்ட் போனால் அதுவும் ஓடாது, இதுவும் ஓடாது என்பதைத் தவிர இரண்டுக்கும் சம்பந்தமில்லை. மூன்று வாரமாக ஒருவனோடு பழகிக்கொண்டிருந்தேன், ஆனாலும் திறந்தேன், பொய் சொல்வானேன். சிக்னல் ஒரு புள்ளி வருவதும் போவதுமாக இருந்தது. வழக்கமாக உயரம், எடை, ஜிம் போட்டோ போடுகிற ஆட்கள் எல்லாம் அன்று "ஏசி இருக்கு", "ஜெனரேட்டர் இருக்கு" என்று போட்டிருந்தார்கள். வந்த முதல் மெசேஜ் "ஹாய்" இல்லை, "கரண்ட் இருக்கா?" இந்த ஊரில் எட்டு வருடத்தில் எனக்கு வந்த மிக நேர்மையான மெசேஜ் அதுதான். (ஏசிக்கு ஆசைப்பட்டு முன்பின் தெரியாதவன் வீட்டுக்கு இருட்டில் போகாதீர்கள். போவதாக இருந்தால் விலாசத்தை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.)

அப்புறம் மதியம் அவன் வந்துவிட்டான். அந்த மூன்று வாரத்து ஆள். அவன் வீட்டுக் கூரையில் ஓக் மரக்கிளை விழுந்து ஓட்டை. ஒரு பை, ஒரு ஐஸ்பெட்டி, ஒரு டார்ச். அவன் நியூ ஆர்லியன்ஸ்காரன். 2005-இல் கத்ரீனா புயலுக்குப் பிறகு பேருந்துகளில் ஏற்றிவந்து ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் மைதானத்தில் வரிசையாகக் கட்டில் போட்டுத் தங்க வைத்தார்களே, அந்த ஆயிரக்கணக்கானோரில் அவனும் அவன் அம்மாவும் இருந்தார்கள். அப்போது அவனுக்கு வயது 14. புயல் என்றால் அவனுக்கு உடம்பிலேயே ஒரு கணக்கு உண்டு. ஞாயிறு ராத்திரியே எனக்கு போன் போட்டு, குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பு, பாட்டில்களை ஃப்ரீசரில் வை, காருக்கு பெட்ரோல் போடு என்று வரிசையாகச் சொன்னான். சொன்னதையெல்லாம் செய்தேன், மாவை மட்டும் மறந்துவிட்டேன். சனிக்கிழமை அரைத்த தோசை மாவு ஃப்ரிட்ஜுக்குள்ளேயே பொங்கி, கதவிடுக்கில் வழிந்து தரைக்கு வந்திருந்தது. என் பழைய அபார்ட்மென்டில் கேஸ் அடுப்பு. அன்று மாடிப்படி முழுக்க இருந்த அக்கம்பக்கத்தாருக்குப் புளித்த தோசை கிடைத்தது. எதிர்வீட்டுப் பாட்டி அதற்கு மேப்பிள் சிரப் ஊற்றிச் சாப்பிட்டார். அதைப் பார்த்தும் நான் உயிரோடு இருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை ஹூஸ்டன் புறநகரான சுகர்லேண்டிலிருந்து ஓர் அக்கா கூப்பிட்டார். இங்குள்ள தமிழர் வாட்ஸப் குழுவில், யார் வீட்டில் கரண்ட் இருக்கிறது, எத்தனை பேர் தங்கலாம் என்று பட்டியல் போட்டிருந்தார்கள். குழந்தைகள் இருக்கும் குடும்பங்களுக்கு முன்னுரிமை. நியாயம்தான், அதில் எனக்குக் குறை இல்லை.

"தம்பி, நீங்க தனியாத்தானே இருக்கீங்க? வந்துடுங்க. பையன் ரூம் காலியாத்தான் கிடக்கு."

"ஒரு ஃப்ரெண்டு கூட இருக்கார்க்கா."

"அவரையும் கூட்டிட்டு வாங்களேன், அதுக்கென்ன?"

நல்ல மனுஷி. அந்த அழைப்பில் ஒரு சொட்டுக் கள்ளம் இல்லை. ஆனால் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவன் ஒரு பாயில், நான் ஒரு பாயில். சாப்பாட்டு மேஜையில் "ரெண்டு பேரும் ஒரே ஆபீஸா?" என்ற கேள்வி. "கல்யாணம் எப்போ தம்பி?" அதற்குச் சிரிக்கிற சிரிப்பு. கூரை போன கவலையில் இருக்கிறவன் தோளில் ஒரு கை வைக்கக்கூட சுற்றுமுற்றும் பார்க்க வேண்டும். அந்த ஏசிக்கு அந்த விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. வேண்டாம் என்றேன். அவர் மனம் கோணியிருக்கும். ஒரு மாதம் கழித்துக் கோயிலில் பார்த்தபோது, "ஓ, ரூம்மேட்டா, நல்லது" என்றார். நானும் அப்படியே விட்டுவிட்டேன். தைரியசாலி என்று யாரும் என்னை நினைக்க வேண்டாம்.

இது எனக்குப் பழைய பாடம். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் இருந்தேன். நான் நேசித்தவன் வேளச்சேரியில். போன் போகவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் அவன் தெருமுனை வரை நடந்துவிட்டேன், அதற்குமேல் படகுதான். படகில் இருந்த பையன்கள் "யாருண்ணே, சொந்தக்காரங்களா?" என்று கேட்டார்கள். "கூட வேலை பாக்குறவர்" என்றேன். "சொந்தக்காரங்கள மொதல்ல ஏத்திடுறோம்ணே, செத்த நில்லுங்க." ஒன்றரை மணி நேரம் நின்றேன். எங்கள் உறவைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 377 அப்போது முழு உயிரோடு இருந்த காலம், வேறென்ன சொல்லியிருக்க முடியும்?

என் நண்பனின் கேள்விக்கு வருகிறேன். கல்யாணமானவன் புயலுக்குப் பிறகு மனைவியோடு ஒரு ஐஸ்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தால் அது குடும்பம். நான் ஒருவனோடு அதே ஐஸ்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தால் டேட்டிங். அதாவது உல்லாசம், கொழுப்பு. மூன்று வாரத்துப் பழக்கம்தான், கல்யாணத்துக்கு ஈடாகுமா என்று கேட்கலாம். ஈடு என்று நான் சொல்லவில்லை. ஆனால் கரண்ட் இல்லாத ராத்திரியில் பக்கத்தில் ஒரு மூச்சுச் சத்தம் வேண்டும் என்று எல்லா உயிருக்கும் தோன்றுகிறது. அதைத் தேடிக்கொள்ள எனக்கு இருந்த வழி இது. கேக்குதா என்றால், ஆமாம்டா, கேட்டது.

புயல் எங்களால்தான் வருகிறது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். 1998-இல் ஆர்லாண்டோவில் வானவில் கொடிகள் ஏற்றியதற்கு, சூறாவளி வரும் என்று மிரட்டினார் தொலைக்காட்சிப் போதகர் பாட் ராபர்ட்சன். கத்ரீனாவும் நியூ ஆர்லியன்ஸ் கே கொண்டாட்டத்துக்கான தண்டனைதான் என்றார்கள். அந்தக் கொண்டாட்டம் நடக்கிற பிரெஞ்ச் குவார்ட்டர் மேட்டுநிலம், பெரும்பாலும் தப்பித்துவிட்டது. மூழ்கியது லோயர் நைன்த் வார்டு போன்ற தாழ்வான இடங்கள், அவன் அம்மாவின் வீடு உட்பட. கடவுளுக்குக் குறி பார்க்கத் தெரியவில்லை என்பான் அவன்.

ரத்த விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2017-இல் ஹார்வி வெள்ளத்தின்போது ஆபீஸில் எல்லாரும் ரத்தம் கொடுக்கப் போனார்கள். அப்போது விதி, ஓர் ஆணோடு உறவு கொண்ட ஆண் பன்னிரண்டு மாதம் கொடுக்கக்கூடாது. எனக்கு ஜலதோஷம் என்று பொய் சொன்னேன். 2023-இல் விதி மாறி, இப்போது ஆண் பெண் எல்லாரிடமும் ஒரே கேள்விகள்தான். பெரிலுக்குப் பிறகு நம்பிக்கையோடு படிவத்தை எடுத்தேன். கடந்த மூன்று மாதத்தில் புதிய துணையா, இன்ன வகை உறவா என்று ஒரு கேள்வி. ஆமாம், ஆமாம். சரி, மூன்று மாதம் கழித்து வாருங்கள். இந்த முறையும் கொடுக்கவில்லை, ஆனால் ஜலதோஷம் எதுவும் வரவில்லை.

புயல் மனிதர்களை நெருக்கமாக்கும் என்று உருகி எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த வெக்கையில் இரண்டு பேர் ஒட்டிப் படுக்க முடியாது. தரையோடு தரையாக, அறையின் இரண்டு மூலைகளில், ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு கிடந்தோம். மூன்றாம் நாள் பெரிய சண்டை, கடைசி ஐஸ் பையை யார் திறந்து வைத்தது என்று. ஒரு மணி நேரம் அவன் காரில் போய் உட்கார்ந்துகொண்டான், அங்கே ஏசியும் சார்ஜரும் இருந்ததால் அவன் கோபத்தில் எவ்வளவு நிஜம் என்று இன்றும் எனக்குச் சந்தேகம்.

சனிக்கிழமை மதியம் ஃப்ரிட்ஜ் திடீரென்று உறுமியது. தெருவில் யாரோ கைதட்டினார்கள். ஜன்னல்களை மூடி, ஏசியை 68 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 20 செல்சியஸில் வைத்துவிட்டு, எதுவும் பேசாமல் படுத்தோம். அரை மணி நேரம் போயிருக்கும். அவன் போர்வை கேட்டான்.