தொப்பையை வரைஞ்சது தப்பாம், வளர்த்தது தப்பில்லையாம்

ஆட்சியில இருக்கிற ஒரு தலைவர் பெரிய தொப்பையோட விருந்து சாப்பிடற மாதிரியும், அந்த மேசையை ஜனங்க முதுகுல தாங்கற மாதிரியும் ஒரு கார்ட்டூன். அதை ஷேர் பண்ணதுக்கு நேத்துலேர்ந்து இங்க ஒரே பஞ்சாயத்து. "பதவிக்கு மரியாதை வேணாமா", "இவ்ளோ பெரிய தொப்பை போட்டு அசிங்கப்படுத்தணுமா". சரிங்க, தொப்பை கண்ணுல பட்டுச்சு. அந்த விருந்து மேசையை முதுகுல தாங்கிட்டு குனிஞ்சு கிடக்கிறாங்களே, அவங்க யாரு கண்ணுலயும் படலையா?

தொப்பையை பெருசா போடறது நேத்து வந்த கெட்ட பழக்கமா என்ன? 1792லயே கார்ட்டூனிஸ்ட் ஜேம்ஸ் கில்ரே, இங்கிலாந்து பட்டத்து இளவரசரை பட்டன் தெறிக்கிற வயிறோட, முள்கரண்டியால பல்லு குத்திக்கிட்டு, பக்கத்துல கட்டாத பில்லுங்களோட உக்கார வச்சாரு. 1831ல பிரான்ஸ்ல ஓவியர் டோமியே ஒருபடி மேல போய், அரசர் லூயி ஃபிலிப்பை பூதமாக்கி, ஏழை ஜனங்க கூடை கூடையா காசை சுமந்து பலகை மேல ஏறி அவர் வாயில கொட்ட, நாற்காலிக்கு அடியில பட்டமும் பதவியுமா விழற மாதிரி வரைஞ்சாரு. ஜெயிலுக்குப் போனது யாரு, தின்னவரா? வரைஞ்சவரு. ஆறு மாசம்.

அவ்ளோ தூரம் எதுக்கு, 1987ல விகடன் அட்டையில மந்திரி, எம்.எல்.ஏ பத்தி வந்த ஒரு ஜோக்குக்கு ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு நம்ம சட்டசபை மூணு மாசம் கடுங்காவல் போடலையா? எதிர்ப்பு கிளம்பினதும் சில நாள்ல விட்டுட்டாங்க, அது வேற கதை. திரும்பத் திரும்ப அதேதான், தின்னா கௌரவம், படமா போட்டா அவமரியாதை.

எனக்கே நடந்துச்சு. பழைய ஆபீஸ்ல ஒரு வருஷம் "நிலைமை சரியில்ல, இன்கிரிமென்ட் கிடையாது"ன்னு மீட்டிங் போட்ட அதே வாரம் மேலிடத்துக்கு புது கார் வந்து நின்னுச்சு. நான் நோட்டீஸ் போர்டுல ஒரு படம் ஒட்டினேன், கார் டயருக்குப் பதிலா நாங்க உருண்டுட்டிருக்கிற மாதிரி. சத்தியமா சுமாரான படம். ஆனா விசாரணை எனக்குத்தான் நடந்துச்சு, காரைப் பத்தி ஒருத்தரும் வாயே திறக்கல.

"உடம்பை கேலி பண்றது தப்பு"ன்னு ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க. நியாயம்தான், யாரோட உடம்பையும் சும்மா கேலி பண்ணா நானும் ஒத்துக்க மாட்டேன். ஆனா இது உடம்பு இல்லம்மா, யாரு எவ்ளோ தின்னாங்கங்கிற கணக்கு. அந்தத் தலைவர் ஒல்லியா இருந்திருந்தாலும் இதே தொப்பைதான் போட்டிருப்பாங்க. "எங்க ஆளை மட்டும் ஏன்"னு கேக்கறவங்களுக்கு பதிலே கிடையாது, போன ஆட்சியில நான் போட்டதுக்கெல்லாம் ஹார்ட்டு விட்டது நீங்கதான்.

அந்தத் தலைவர் கூட இதைப் பாத்து கோவப்பட்டிருக்க மாட்டாரு. இவ்ளோ சூடாகறது அந்த மேசைப் பக்கம்கூட போக முடியாத நம்மாளுங்கதான்! அதுலயும் "உனக்கு பொறாமைடா"ன்னு ஒரு கமெண்ட். எழுதினது அதே ஆபீஸ்ல பக்கத்து சீட்டுல இருந்த அண்ணன். பொறாமையாம். அண்ணே, அன்னைக்கு அந்தப் படத்தை விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, போன்ல எடுத்து ஆபீஸ் பூரா அனுப்பினது நீங்கதானே. விசாரணையில உங்க பேரை நான் சொல்லலண்ணே.