வெறித்த பார்வையும் வலிப்பாக இருக்கலாம்

அண்ணாச்சி, "கை கால் வெட்டி இழுத்தால்தான் வலிப்பு, ஈஈஜி (மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் சோதனை) நன்றாக இருந்தால் நோயே இல்லை" என்று மகனைப் பற்றிக் கேட்ட சகோதரிக்கு எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு; பிள்ளையின் சிகிச்சையையே தள்ளிப்போட வைக்கும்.

பேச்சின் நடுவே பார்வை நிலைகுத்தும், வாய் எதையோ மெல்லும், விரல்கள் சட்டை நுனியைப் பிசையும். கூப்பிட்டால் பதில் இருக்காது. தெளிந்தபின் நடந்தது நினைவிலும் இருக்காது. இதுவும் வலிப்பாக இருக்கலாம். ஈஈஜி, பதிவு செய்யும் அந்தச் சிறிது நேரத்து மூளை மின்னோட்டத்தை மட்டுமே காட்டுகிறது. நோயுள்ள பலருக்கும் முதல் பதிவு இயல்பாகவே வரும்.

சகோதரி, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது நேரில் பார்த்தவரையும் அழைத்துச் செல்லுங்கள். கைபேசிக் காணொளி இருந்தால் இன்னும் நல்லது. அதுவரை அவனைக் குளத்தில் தனியாகக் குளிக்கவோ வள்ளத்தில் ஏறவோ விடாதீர்கள். இழுப்பு 5 நிமிடம் தாண்டினால் உடனே 108-ஐ அழையுங்கள்.